கரித்தட்டு

குழந்தைக்கு மூச்சு இரைத்தது. மருந்து அப்புறம், முதலில் வீட்டுப் புகையை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். இரைப்பு நிற்காவிட்டால் பேத்தியைத் தன் ஊரான திருவெள்ளறைக்குத் தூக்கிப் போய்விடுவதாக அத்தை சொன்னார். என் மனைவி ரங்கநாயகி பிரசவ ஜுரத்தில் இறந்ததிலிருந்து அவர்தான் என்னோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நான் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அவர் போனால் குழந்தையும் போய்விடும்.

விறகடுப்பை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினேன். தாளிக்கிற புகை மட்டும் போகவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் எங்கள் வீடு. சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் துளை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாமா என்று வீட்டுக்காரர் முகம்மது கனி ராவுத்தரிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் எங்க வீட்டுப் பொம்பளைங்க குளிக்கிற முத்தம், தம்பி."

"ஃபேன் மறைச்சுக்குமேங்க."

"கரண்டு நின்னா? ரெக்கைக்கு நடுவுல எல்லாம் தெரியும்ல, நீங்க கண்ண மூடிக்கிட்டா சமைப்பீங்க?"

அவர் சொன்னது சரி. வந்துவிட்டேன்.

பெரிய கடை வீதியில் மின்சாமான் கடை வைத்திருந்த நஜிமுதீன் பாய், மூலையிலிருந்து ஒரு தகரக் கூட்டை இழுத்துப் போட்டார். ஊர் திரும்பிய வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் விற்றது. அடுப்புக்கு மேலே மாட்ட வேண்டும். உள்ளே ஒரு ஃபேன், அதற்கு முன்னால் கரி நிரப்பிய தட்டு. புகையை இழுத்துக் கரி வழியாக விட்டு, காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும்.

"அப்ப புகை எங்க போகும்?"

"கரி தின்னுடும். அதுக்கும் வயிறு ரொம்பும்ல, அப்ப மாத்திடுங்க. கொட்டாங்கச்சிக் கரி போட்டாலே போதும்."

"நம்பலாமா பாய்?"

"சுவத்துல ஓட்டை போட முடியாதவரு நம்பித்தான் ஆகணும்."

வாங்கி மாட்டினேன். அத்தை அண்ணாந்து பார்த்தார். "இது என்ன மாப்பிள்ள, அடுப்புக்குக் குடையா?"

நெடி குறைந்தது. குழந்தை இரைப்பில்லாமல் தூங்கியது. அத்தையும் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. சரியானதைத்தான் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே இரைப்பு கேட்டது. கூடத்தில் புகை மண்டியிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிக் கரண்டிக்கு மேலே தலைமுடியைக் காட்டிக்கொண்டிருந்தார் அத்தை. விறகடுப்பு போனபிறகு வீட்டில் தணல் கிடையாது. சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். கூட்டின் தட்டு தரையில் இருந்தது. பாதிக் கரி இல்லை.

"அத்தை, இந்தக் கரி புகையைப் பிடிக்கிறதுக்கு வச்சது."

"அடுப்புக்கு மேல சும்மா கெடந்துச்சு. நல்ல கரி, சட்டுனு பத்திக்குது."

"டாக்டர் சொன்ன புகைதான் இதுவும்."

"சாம்பிராணியா? இது மருந்துங்க. ரங்கநாயகிக்கும் போட்டுத்தான் வளர்த்தேன். அவ மூச்சுக்கு என்ன கொறை வந்துச்சு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுக் காத்தே ஆகலை. நாளைக்கு நாங்க கெளம்புறோம்."

"லீவு போட்டுப் பார்க்கிறேன் அத்தை."

"எத்தனை நாளைக்கு?"



காலையில் குழந்தையின் துணிகளை மடித்து வைத்தேன். சாம்பிராணிப் பொட்டலத்தை முடிந்துகொண்டே அத்தை கேட்டார், "அந்த மீதிக் கரியையும் தர்றீங்களா? ஊர்ல இவ்வளவு நல்லதா கெடைக்காது."

சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அங்கே கரிக்கா பஞ்சம், நான் தராவிட்டால் வேறு கரியில் புகை போடுவார். தட்டைக் காகிதத்தில் கவிழ்த்துக் கரியைக் கட்டிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் கரிப் பொட்டலத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. விரலெல்லாம் கரி. ஜன்னலுக்கு வெளியே நின்ற என் பக்கம் திரும்பவில்லை. பஸ் கிளம்பும்வரை அதன் இரைப்பு எனக்குக் கேட்டது.