சான் போர்ஹாவிலிருந்து ஐம்பது நிமிடம்

மழையில், மலையேறிப் போகும் யுங்காஸ் சாலை சரிந்து கிடந்த வாரத்தில்தான் எர்லிண்டா மோயேவின் மகளுக்கு லா பாஸில் பிரசவ வலி கண்டது. எங்கள் சான் போர்ஹாவிலிருந்து அன்று அங்கே கிளம்பவிருந்தது இறைச்சி ஏற்றும் விமானம் ஒன்றுதான். எர்லிண்டா அதுவரை விமானம் ஏறியதில்லை.

"ஐம்பது நிமிஷந்தான் தோன்யா," என்றார் கேப்டன் ரோமுலோ; மூத்த பெண்களை எங்கள் பக்கம் மரியாதையாக அப்படித்தான் அழைப்போம். "சாலையில போனா ரெண்டு நாளும் வாந்தி எடுக்கணும். இதுல அதுக்கு நேரமே இருக்காது."

இருக்கை கிடையாது. காலையில் அறுத்த மாட்டுத்தொடைகள் தார்ப்பாய்மேல் அடுக்கியிருந்தன. அவற்றின் நடுவே ஒரு சாக்கில் உட்கார்ந்தாள். சுமையேற்றும் வில்பர் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சுவர் வளையத்தில் முடிந்தான்.

காடு முடிந்து மலை தொடங்கியதும் குளிர் ஏறியது. மூச்சு பாதிதான் உள்ளே போயிற்று. பனிச்சிகரங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் என்று நினைத்திருந்தாள். அவை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றன. அப்போது வலப்பக்க எஞ்சின் இருமியது. ஜன்னலில் எண்ணெய் வழிந்தது. பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"திரும்பிடலாம் கேப்டன்," என்று கத்தினாள்.

"பின்னாடி மேகம் மூடிடுச்சு தோன்யா. பாதிக்கு மேல வந்தாச்சு. கணவாயைத் தாண்டணும்னா பாரம் குறையணும். வில்பர், கதவைத் திற. எல்லாத்தையும் தள்ளு."

வில்பரால் தனியாக முடியவில்லை. எர்லிண்டா எழுந்தாள். கதவைப் பார்க்காமல், இறைச்சியை மட்டும் பார்த்துத் தள்ளினாள். ஒவ்வொரு தொடையும் மேகத்துக்குள் சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. திடீரென்று கயிறு விறைத்தது. அதன் தளர்ந்த மடிப்பு, விழுந்த தொடையின் எலும்பில் மாட்டியிருந்தது. தரையோடு தரையாகக் கதவை நோக்கி இழுபட்டாள். கத்த வாய் திறந்தால் காற்று வாயை அடைத்தது. வில்பர் பாய்ந்து அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு, கத்தியால் கயிற்றை அறுத்தான்.

"கயிறு போச்சேப்பா."

"நீங்க போகலயே தோன்யா. அங்கயே குப்புறப் படுங்க. அசையாதீங்க."

ரத்தம் உறைந்த தரையில் கன்னத்தை அழுத்திப் படுத்தாள். திறந்த கதவுக்கு வெளியே பாறைகள் ஓடின. லாமா மந்தை ஒன்று தலை நிமிர்ந்து பார்ப்பதுகூடத் தெரிந்தது. ஜெபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மகளின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

லா பாஸின் எல் ஆல்டோ விமான நிலையத்தில் இறங்கி நின்ற பிறகும் அவள் எழவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். கேப்டன் ரோமுலோ சக்கரத்தடியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். தீக்குச்சிகள் உடைந்துகொண்டே இருந்தன.

பேரன் பிறந்திருந்தான். மகள் குழந்தையை நீட்டியபோது எர்லிண்டா வாங்கவில்லை.

"கட்டில்லயே கிடக்கட்டும்டி. என் கை இன்னும் நிக்கல."

சாலை சீரானதும் லாரியில் ஊர் திரும்பினாள். அந்த வழியில் வளைவுக்கு வளைவு ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்பில்தான் உருளும். அது மட்டும் பயமில்லையா என்று கேட்டோம்.

"பயந்தான். ஆனா லாரின்னா நிறுத்துன்னு சொல்லி இறங்கிடலாம்ல?"

இரண்டு இடங்களில் அப்படி இறங்கி, வளைவு முடியும்வரை நடந்தே வந்தாளாம்.