மேல் தாடை, கீழ் தாடை

கதவைத் திறந்ததுமே பல்லுக்காரம்மா மூக்கைச் சுளித்தாள். வீடு முழுக்கத் தரை துடைக்கிற மருந்தின் வாசனை. அந்த வாசனை அடித்தால் மனுஷன் ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பின்னறைக்குப் போனாள். அவளுடைய வேலை மேஜை பளபளவென்று நின்றது. அதன் மேல் ஒரு துரும்பு இல்லை. அந்த மேஜை என்ன நிறம் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்று பின்னால் வந்து நின்றார் அவள் கணவர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய ஆளை அடிக்கக் கை வருமா என்று கேட்டால், வரும். அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது.

பல்லுக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். கிளினிக்கில் டாக்டர் வாயில் அளவெடுத்து, பிளாஸ்டரில் மேல் தாடை ஒன்று, கீழ் தாடை ஒன்று என்று அச்சு வார்த்துக் கொடுப்பாள். இரண்டுக்கும் நடுவில், அந்த ஆள் தன் வாயாலேயே கடித்துக் கொடுத்த சிவப்பு மெழுகு இருக்கும். எந்த மேல் எந்தக் கீழோடு எப்படிச் சேரும் என்பதற்கு அந்த மெழுகுதான் சாட்சி. அச்சின் அடியில் பென்சிலால் பெயர். இதையெல்லாம் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, அரத்தால் ராவி, மெருகேற்றி, செட்டாக்கிக் கொடுப்பாள். மேஜை எப்போதும் பிளாஸ்டர் தூளும் மெழுகுச் சொட்டும் பாதி சிரிக்கிற வாய்களுமாகத்தான் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குக் குப்பைமேடு. அவளைக் கேட்டால் இருட்டில்கூடக் கையை நீட்டி, இன்னார் வாய் இங்கே என்று எடுத்துக் கொடுப்பாள்.

அவருக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது, ஸ்டோர்காரர். பெரிய கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து, மழைக்காலம் தொடங்கும்போது ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை வீட்டுக்கு அவர் விருந்தாளி. ஷிஃப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார், எழுந்து போவார். மகளுக்கு அம்மை போட்டதும் தெரியாது, பள்ளிக்கூடம் மாற்றியதும் தெரியாது. அந்தத் தனிமையில் பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் அவள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். முதலில் ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டூல், அப்புறம் ஒரு மேஜை, அப்புறம் ஒரு அறை. யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அங்குலம் அங்குலமாகப் பிடித்த இடம் அது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்குக்கூட இவ்வளவு நேரம் இருந்திருக்காது. ஓய்வு பெற்ற முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டினார். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி டப்பா அது! செருப்புக்கு வரிசை, குடைக்கு ஆணி, பழைய செய்தித்தாளுக்குத் தேதிவாரியாகக் கட்டு. பிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை. எழுந்திருப்பது, குளிப்பது, நடப்பது எல்லாவற்றுக்கும் நேரம். சாயங்காலம் 'உரையாடல்' என்று அரைமணி. அந்த அரைமணியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒன்றும் கிடைக்காமல் விழிப்பார்கள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும் பிளாஸ்டரை நினைப்பாள்.

"வேலை, வீடு, ஓய்வு. மூணும் சமமா இருக்கணும். உனக்கு வேலை மட்டும்தான் இருக்கு" என்பார். கணக்காக மகளும் போனில் அதையே பாடினாள். "அப்பா சொல்றது சரிதாம்மா. எல்லாத்துக்கும் ஒரு பேலன்ஸ் வேணும்ல?" பேலன்ஸாம். இத்தனை வருஷம் தராசின் ஒரு தட்டிலேயே ஆள் இல்லை. இப்போது ஏறி உட்கார்ந்துகொண்டு, உன் தட்டு ஏன் தாழ்ந்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பின்னறைக்குள் மட்டும் வராதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். இன்றைக்கு மெழுகும் அரமும் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

"அச்செல்லாம் எங்க?"

அவர் அலமாரியைக் காட்டினார். மூடி போட்ட புது பிளாஸ்டிக் பெட்டி இரண்டு. ஒன்றில் 'மேல் தாடை' என்று எழுதி ஒட்டியிருந்தது. இன்னொன்றில் 'கீழ் தாடை'. அழகான கையெழுத்து. அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே எல்லா மேல் தாடைகளும் ஒரே திசையைப் பார்த்து, அளவு வாரியாக, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்றிருந்தது.

"கழுவினீங்களா?"

"பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். எல்லாத்துலயும் பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தியே."

"அது பேருங்க."

அவர் வாயைத் திறந்து மூடினார். அவருடைய பல் செட் கடகடவென்று ஆடியது. அதுவும் அவள் செய்து கொடுத்ததுதான். ஈறு தேய்ந்து இப்போது லூஸாகிவிட்டது.

"நடுவுல சிவப்பு மெழுகு இருந்துச்சே?"

"அந்தக் கடிச்சுப் போட்டதா? அது எதுக்குன்னு... காலையில குப்பை வண்டி வந்துச்சு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்குக்கூட மூச்சு வேண்டுமே! அவர் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினார். "ஒரே மாதிரி சாமான் ஒரே இடத்துல இருக்கணும். அதுதான் ஸ்டோர் முறை. மேல் தாடை வேணுமா, இந்தப் பெட்டி. கீழ் தாடை வேணுமா, அந்தப் பெட்டி. தேடுற நேரம் மிச்சம். அந்த நேரத்துல நீ கொஞ்சம் வெளிய வரலாம், நாலு பேரைப் பார்க்கலாம், என்கூட..."

"இது நட்டும் போல்ட்டும் இல்லங்க! ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட வாய். ஒருத்தர் மேல் தாடையை இன்னொருத்தர் கீழ் தாடையோட சேர்த்து செட்டு பண்ணிக் குடுத்தா, அந்தாளு வாயை மூடவே முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

"சொன்னாத்தானே தெரியும்?"

"உள்ள வராதீங்கன்னு சொன்னேன். அது தெரிஞ்சுதா?"

"இது என் வீடு இல்லையா? என் வீட்டுல ஒரு அறைக்குள்ள நான் வரக்கூடாதா?"

"உங்க வீடுதான். எப்ப இருந்து?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். விளக்குமாறு ஏற்கெனவே சரியாகத்தான் சாய்ந்திருந்தது. அதை எடுத்து இன்னும் சரியாகச் சாய்த்து வைத்தார்.

நாளைக்குப் பாதி செட்டுகளை மெழுகில் அடுக்கிக் கொடுத்தாக வேண்டும். போன மாதம்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்து வேலை தாமதமாகி, டாக்டர் முகத்தைச் சுளித்திருந்தாள். ஊரில் மெஷின் வைத்துப் பல் செய்யும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அதன் ஆள் கிளினிக் வாசலிலேயே குடியிருக்கிறான். வேலை அங்கே போனால் இந்த மேஜை இப்படியே காலியாகத்தான் கிடக்கும். அப்புறம் காலை முதல் இரவு வரை அட்டவணையும் உரையாடலும்தான். அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

இரண்டு பெட்டிகளையும் மேஜையில் கவிழ்த்தாள். அவர் "மெதுவா, மெதுவா" என்றார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். நாலைந்து பல்லாவது மிச்சமிருக்கிற வாய்கள் தப்பித்தன. பல்லும் பல்லும் ஒன்றையொன்று தேடிப் போய்க் கடித்துக்கொள்ளும். தப்பான ஜோடி ஆடும், சரியான ஜோடி அசையாமல் உட்காரும். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எடுத்து, மாற்றி வைத்தாள். அவரும் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு ஜோடியைச் சேர்த்து நீட்டினார். "இது சரியா பாரு." சரியாகத்தான் இருந்தது. அவள் வாங்கி வைத்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கொள்ளி வைத்தவனே தண்ணீர்க் குடத்தோடு வந்தால் நன்றி சொல்லவா முடியும்?

கடைசியில் ஒரு பல்லும் இல்லாத தாடைகள் மிஞ்சின. மேலே நான்கு, கீழே நான்கு. வழவழவென்று ஈறு மட்டும். இதில் எதை எதோடு வைத்தாலும் உட்காரும், எதை எதோடு வைத்தாலும் வழுக்கும். பிரஷ் தேய்த்ததில் நுணுக்கமான கோடுகள் வேறு மழுங்கிப் போயிருந்தன.

"இதுல ஒண்ணு உங்களோடது" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். புது செட்டுக்கு அவரும் போன வாரம்தான் கிளினிக்கில் அளவு கொடுத்திருந்தார்.

"எதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேல் தாடை நான்கையும் பார்த்தார். விரலால் தடவினார். நாக்கைத் தன் வாய்க்குள்ளேயே சுழற்றிப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்து ஒன்றைத் தொட்டார்.

"அண்ணத்துல அந்தக் குழியைப் பாருங்க, அது ஒரு டீச்சரம்மா. பல்லு போனதுல இருந்து வாயைக் கையால மூடிக்கிட்டே பேசுறவங்க. உங்க வாயையே உங்களுக்கு அடையாளம் தெரியல. அடுத்தவங்க வாயை அடுக்கி வைக்க வந்துட்டீங்க." அவள் கையை நீட்டினாள். "கழட்டுங்க."

"எதை?"

"செட்டை."

அவர் கழற்றிக் கொடுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே விழுந்து, முகம் சட்டென்று சுருங்கிப்போயிற்று. அவள் பழைய செட்டை ஒவ்வொரு அச்சாகப் பொருத்திப் பார்த்து அவருடைய ஜோடியைக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் அவர் எதிரே அப்படியே, வாய் இல்லாத ஆளாக உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததே என்று அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு, பாவம் என்று நினைக்கவும் வைக்கிறாரே!

மற்ற மூன்று பேருக்கும் இதுதான் முதல் செட். பொருத்திப் பார்க்கப் பழையது கிடையாது. டீச்சரம்மாவின் மேல் தாடை தெரிந்தாலும், எந்தக் கீழ் தாடை, எப்படிக் கடிக்கும் என்று சொல்ல மெழுகு இல்லை. ஆட்களையே திரும்பக் கூப்பிட்டால்தான் உண்டு. போனை எடுத்தாள்.

டாக்டர் வயதில் சின்னவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். இன்றைக்கு முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒழுங்குபடுத்தினாரா?"

"ஆமா மேடம்."

"அக்கா, அந்த டீச்சரம்மா பஸ் மாறி வர்றவங்க. மறுபடியும் வந்து வாயைத் திறங்கன்னு நான் எந்த முகத்தோட சொல்றது? இந்த மூணு பேரையும் நானே கூப்பிட்டுப் பேசுறேன். ஆனா இதுதான் கடைசி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, எல்லாத்தையும் கம்பெனிக்கு அனுப்பிடுவேன். உங்க வீட்டுல நீங்க வேலை செய்ய இடம் இருக்கா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அவர் முன்னால் அழக்கூடாது என்று எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வாசலில் நின்றிருந்த அவர், செட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்றார்.

"உங்க பேலன்ஸ் சரியாப் போச்சுன்னு சொன்னாங்க."

"நான் உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். ஒரு நாளாவது நீ..."

"என் நல்லது எனக்குத் தெரியும். உங்களுக்கு வேலை முடிஞ்சுபோச்சுன்னா என் வேலையையும் முடிச்சு வைக்காதீங்க."

மறுநாள் காலையில் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பூட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்தாள். பின்னறைக் கதவுக்குப் பூட்டு என்றதும் பூட்டுக்காரர், "வீட்டுக்குள்ளயாம்மா? வாசலுக்குத்தானே போடுவாங்க?" என்றார். "திருடன் உள்ளதான் இருக்கான்" என்றாள். அந்த ஆள் சிரித்தார். கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தவரைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

துளை போடும் சத்தம் வீட்டை அதிரவைத்தது. அவர் செய்தித்தாளை மடித்தார். எழுந்து வந்து பார்த்தார். மானஸ்தன் என்றால் அந்த நேரம் வெளியே நடக்கப் போயிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. "கோணலாப் போகுது" என்றார். பூட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துவந்து கதவில் வைத்துக் காட்டினார். "பாருங்க, குமிழி நடுவுல இல்ல. இன்னும் கொஞ்சம் மேல ஏத்தணும்." கடைசியில் பூட்டுக்காரர் திருகாணியை முறுக்க, அவரே ஒரு கையால் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பூட்டைத் தாங்கிக்கொண்டு நின்றார். பூட்டு நேராக உட்கார்ந்தது. அவள் மேஜையில் மெழுகை உருக்கிக்கொண்டே பார்த்தாள். இந்த ஆளை என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

பூட்டுக்காரர் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டித் திறந்து காட்டிவிட்டு, வளையத்தில் கோத்த இரண்டு சாவிகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டோர்காரர் தரையில் விழுந்த மரத்தூளைப் பெருக்கி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு நிலைப்படி வரை வந்து, வெளியேயே நின்றார்.

"ஒரு சாவி குடு."

அவள் மெழுகைக் கிளறினாள்.

"ஆணியில மாட்டி வைக்கத்தான். உனக்குத் தொலைஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவே? ஸ்பேர்னு ஒண்ணு எப்பவும் ஸ்டோர்ல இருக்கணும்."

கிடங்கில் ஆட்களிடம் சாமானைத் திரும்ப வாங்குகிற பழக்கத்தில் அவர் கை தானாக நீண்டது. உள்ளங்கையில் இன்னும் மரத்தூள் ஒட்டியிருந்தது. அவள் வளையத்தோடு சாவி இரண்டையும் மேஜை மேல், உருகிய மெழுகுக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்து வந்தாள். அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தபோதும் அவர் கையை மடக்கவில்லை. இடுக்கில் விரல் மாட்டிவிடப் போகிறதே என்று அவள் ஒரு நொடி நிறுத்தினாள்.

"கையை எடுங்க" என்றாள்.