இரண்டாவது அழுகை

கம்பெனி கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கிருந்த டி.வி.யில் பொற்கொடி தன் முகத்தைக் கண்டாள்.

முந்தின வருஷம், 2006இல், ஓசூரில் அவளும் சரிதாவும் குடியிருந்த வாடகை அறைக்கு மூர்த்தி என்ற பெங்களூர்க்காரர் இரண்டு மாதம் கேமராவோடு வந்து போனார். தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் என்றார். "நான் எதுவும் கேக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு இருங்க."

அதுதான் இப்போது ஏதோ ஒரு சேனலில் நிஜ வாழ்க்கை நிகழ்ச்சியாக ஓடியது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் அப்பாவின் ராகிக் காட்டை யானை மிதித்துவிட்டதைப் போனில் கேட்டுச் சரிதா தேம்புகிறாள். அடுத்த நொடியே பொற்கொடி கட்டிலில் உருண்டு சிரிக்கிறாள்.

"அடிப்பாவி!" என்றாள் கூட வேலை செய்யும் பேச்சியம்மாள், எதிரே இருந்து.

பக்கத்தில் இருந்த சரிதா தட்டை நகர்த்தினாள். "அக்கா, நான் வராண்டாவுல அழுதப்ப நீங்க உள்ள சிரிச்சீங்களா?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள் பொற்கொடி. சிரித்திருப்போமோ என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி, ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி, பெங்களூரில் மூர்த்தியின் அறைக்கே போனார்கள்.

"கேசட்டைக் குடுத்தது நான்தான். வெட்டி ஒட்டினது சேனல்காரங்க," என்றார் அவர்.

"முழுசாப் போடுங்க," என்றாள் பொற்கொடி.

சிரிப்பு இருந்த கேசட்டில் அழுகைக்கு இரண்டு வாரம் முந்தைய தேதி. சூப்பர்வைசர் மாதிரி சரிதா நடந்து காட்டியதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சரிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது அழுகை. அதற்கு முன்னால் மூர்த்தியின் குரல் கேட்டது: "முதல்ல அழுதது கேமராவுல சரியா விழலைங்க. போனை இன்னொரு தடவை காதுல வைங்க." திரையில் சரிதா முகத்தைத் துடைத்தாள், தலையாட்டினாள், போனை எடுத்தாள், அழுதாள்.

பொற்கொடி மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆவணப்படம் பொறந்த காலத்துலயே இது உண்டுங்க," என்றார் மூர்த்தி, தரையைப் பார்த்தபடி. "வடதுருவத்துப் பக்கம் எடுத்த ஒரு படத்துல, பனிக்கட்டி வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தலைன்னு பாதி வீடு கட்டி, அதுல ஆளுங்களத் தூங்கற மாதிரி படுக்க வெச்சாங்க. அப்புறம் அமெரிக்காவுல ஒரு குடும்பத்தோட மாசக்கணக்கா கேமரா இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி பிரியறதை நாடே பாத்துச்சு. டி.வி. இதையெல்லாம் பாத்துத்தான் கத்துக்கிச்சு."

"அப்ப டி.வி.க்கு வழிகாட்டினதே உங்க ஆளுங்கதானா?" என்றாள் பொற்கொடி.

அவர் கேசட்டை வெளியே எடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் பொற்கொடி கேட்டாள்: "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"கேட்டாரு, செஞ்சேன். போன்ல யாருமே இல்லக்கா. ஆனா காதுல வெச்சதும் அப்பா கொரலு கேட்டாப்பல ஆயிருச்சு. மொதல் தடவைய விட அப்பத்தான் நெறைய அழுதேன்."

திங்கட்கிழமை கேன்டீனில், மூர்த்தி பதிந்து கொடுத்த சி.டி.யைப் பொற்கொடி போட்டுக் காட்டினாள். பாதிப் பேர் இரண்டே நிமிஷத்தில் எழுந்து போனார்கள். பேச்சியம்மாள் மட்டும் கடைசிவரை இருந்து, சரிதா நடந்து காட்டியதையும் அதில் இருந்த தேதியையும் பார்த்தாள். "தப்பா நெனச்சுட்டேன் தாயி. அந்தப் புள்ள அழுததைக் காணோமே?"

"அது இதுல இல்லீங்க," என்றாள் பொற்கொடி. சரிதாவை மறுபடி அழவைத்த அந்தப் பகுதியைப் பதிய வேண்டாம் என்று மூர்த்தியிடம் அவளேதான் சொல்லியிருந்தாள்.