அச்சில் வராத வரி

ஆக்கன்டோர் ஊரில் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் ஐசபெல் ரென்னி விருந்து நடக்கும். எல்ஸ்பெத் டஃபஸுக்கு அந்த விருந்து என்றாலே வயிற்றைப் பிரட்டும். சாப்பாடு காரணமில்லை. ஆட்டுக் குடலில் திணித்த ஹாகிஸும் மசித்த டர்னிப்பும் அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள்தான். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு கூத்து நடக்கும், அதுதான் அவளுக்குப் பிடிக்காது.

ஐசபெல் ரென்னி நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் பால் கறந்து பிழைத்தவள். கைக்குழந்தை செத்துப்போன துக்கத்தில் பாட்டு எழுதினாள். தாமஸ் கின்மண்ட் என்கிற பெரிய மனிதர், எடின்பரோவில் வக்கீல், கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர், அந்தப் பாட்டையெல்லாம் திரட்டிப் புத்தகமாகப் போட வைத்தார். புத்தகம் நன்றாகப் போனது. உடனே 'கார்மைக்கேல் மாத இதழ்' அதற்கு ஒரு விமர்சனம் போட்டு அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியது. அப்புறம் அவள் பேனாவைத் தொடவே இல்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் யாரும் பெயர் போட்டு எழுதுவது கிடையாது. எழுதியவன் முகம் தெரியாது, குத்து மட்டும் விழும்.

ஆனாலும் ஊருக்கு ஒரு பெயர் தெரிந்திருந்தது. பாதிரியார் பீட்டர் மெல்ட்ரம். விருந்தில் முதலில் அந்த விமர்சனத்தைச் சுருக்கி வாசிப்பார்கள். எல்லோரும் "மெல்ட்ரம்! மெல்ட்ரம்!" என்று மேஜையைத் தட்டுவார்கள். கறுப்புத் துணி சுற்றிய வைக்கோல் பாதிரியார் ஒன்றைத் தொட்டியில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கோப்பை புளித்த பாலை அதன் தலையில் ஊற்றுவார்கள். மண்டபம் முழுக்க அந்த நாற்றம். அதற்குப் பிறகு பேராசிரியர் கிரீவ் எழுந்து, விமர்சனம் வந்த சமயத்தில் கின்மண்ட் ஐசபெல்லுக்கு எழுதிய ஆறுதல் கடிதத்தைப் படிப்பார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்புறம் புட்டிங்.

பேராசிரியர் கிரீவ்தான் எல்ஸ்பெத்தின் மேலதிகாரி. பழைய பத்திரிகைகளில் பெயரில்லாமல் வந்த ஒவ்வொரு கட்டுரையையும் யார் எழுதினார் என்று கண்டுபிடித்துப் பெரிய தொகுதியாகப் போடுகிற வேலை அவருடையது. அதாவது பெயர் அவருடையது, வேலை எல்ஸ்பெத்துடையது. கட்டுரைக்கு ஒரு அட்டை. அட்டையில் தலைப்பு, எழுதியவர், ஆதாரம். பதினோரு வருஷத்தில் ஒன்பதாயிரம் அட்டை தட்டச்சு செய்திருக்கிறாள். கிரீவ் அதில் ஒன்பதைக்கூடப் படித்ததில்லை. அட்டைக் கட்டைத் தூக்கிப் பார்ப்பார், கனத்தைப் பார்த்துத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் எல்ஸ்பெத்தும் வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் கோப்பையை ஊற்றிவிட்டு வந்தாள். கோட்டை எடுக்கப் போன இடத்தில் ஒரு பழுப்புக் கோட்டு அம்மாள் வழியை மறித்தாள். எழுபது வயசிருக்கும்.

"அந்த அட்டை போடுற அம்மா நீங்கதானே?"

"ஆமா. நீங்க?"

"ஜீன் மெல்ட்ரம். நீங்க இப்ப தலையில பால ஊத்தினீங்களே, அவரு என் கொள்ளுத் தாத்தா."

எல்ஸ்பெத் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க... இங்க எதுக்கு வந்தீங்க?"

"எதுக்கா? இருபத்தாறு வருஷமா டிக்கெட் வாங்கி வந்து பின்வரிசையில உக்காந்து பாக்குறேன். ஹாகிஸ் நல்லாத்தான் பண்றாங்க." அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "பள்ளிக்கூடத்துல நாப்பது வருஷம் டீச்சரா இருந்தேன். பசங்க என் முதுகுக்குப் பின்னால மாடு மாதிரி கத்துவாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவருதான் எழுதினாருங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

எல்ஸ்பெத்துக்கு அந்த அட்டை மனப்பாடம். நாற்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்பு. 'மாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்து எழுதியவர், வீட்டில் மாடு வளர்த்த மெல்ட்ரமாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.' அதை ஒருவர் எடுத்து எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, அப்படியே வந்து சேர்ந்தது.

"பேசிக்கிட்டாங்கன்னு இருக்கு," என்றாள்.

"பேசிக்கிட்டாங்க! அதுக்கா இந்தப் பாலு?"

"தொகுதி அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கு. பாக்குறேன்."

"பாருங்கம்மா. அச்சுல ஏறிட்டா அப்புறம் என் கல்லறையிலயும் கத்துவானுங்க."

மாடு என்று ஊர் சொல்வது ஒரு வரியை. அந்த விமர்சனத்திலேயே கொடூரமான வரி அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்: 'கன்று செத்தால் பசுகூட மூன்று நாளில் கத்துவதை நிறுத்திவிடும். இவள் முப்பது பக்கம் கத்துகிறாள்.' கிரீவ் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மண்டபம் ஒருமுறை மூச்சை இழுக்கும்.

திங்கட்கிழமை காலை எல்ஸ்பெத் 1834 மார்ச் இதழை எடுத்து விமர்சனத்தை முழுசாகப் படித்தாள். பதினான்கு பக்கம். 'பால்காரி பால் கறக்கட்டும்' இருந்தது. 'தொழுவத்து வாசனை' இருந்தது. பசு வரி இல்லை. மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். இல்லவே இல்லை.

அப்படியானால் ஊர் எங்கே கேட்டது? யோசித்தபோது பிடிபட்டது. விமர்சனத்தில் கேட்கவில்லை. கின்மண்டின் ஆறுதல் கடிதத்தில் கேட்டது. 'அந்த மிருகம் உன்னைப் பசுவோடு ஒப்பிட்டு இப்படி எழுதியிருப்பதைப் பார்த்து என் நெஞ்சு கொதித்தது' என்று எழுதி, வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார் மனிதர். ஒரே மண்டபத்தில், ஒரே மத்தியானம், விமர்சனத்தையும் கடிதத்தையும் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள். சுருக்கி வாசிப்பதால், விட்டுப்போன பக்கத்தில் அந்த வரி இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அவளும்தான். இதுதான் அவள் பிழைப்பு, அவளும்தான்!

பத்திரிகை நடத்தியவர்களின் காகிதங்கள் நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருந்தன. பதினேழாம் பெட்டியில் மார்ச் இதழின் ப்ரூஃப், அச்சுக்கு முன் திருத்துகிற படி, கிடைத்தது. ஒன்பதாம் பக்கத்தில் பசு வரி அச்சாகி இருந்தது. அதன் மேல் பத்திரிகை ஆசிரியர் பென்சிலால் போட்ட ஒரே கோடு. ஓரத்தில்: 'இது வேண்டாம். மனிதத்தன்மை இல்லை. பிப்ரவரி 27.'

கின்மண்டின் கடிதத்துக்குத் தேதி பிப்ரவரி 26.

இதழ் வெளிவந்தது மார்ச் ஒன்றாம் தேதி. வெட்டப்போவது தெரியாத ஒருவன்தான், வருவதற்கு முன்பே, அந்த வரியை எடுத்து ஆறுதல் சொல்ல முடியும். ஆசிரியரைத் தவிர அந்த வரி இருப்பது தெரிந்தவன் அதை எழுதியவன் மட்டும். அவளை அடித்துவிட்டு, அடி விழுவதற்கு முன்பே மருந்து தடவ உட்கார்ந்திருக்கிறான். அச்சில் வராமலே போன அந்த ஒரு வரியை, அவள் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய வரியை, தன் கையாலேயே அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறான்.

எல்ஸ்பெத் ப்ரூஃபை மடித்து வைக்கப் போனபோது, பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் கையெழுத்துப் போடுகிற சீட்டு. அதில் ஒரே ஒரு பெயர். ஆ. கிரீவ், 1949.

இப்போது 1962. பதின்மூன்று வருஷமாக அந்தக் கடிதத்தை அவர் தெரிந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஆக்கன்டோர் அருங்காட்சியகத்துக்குப் பஸ் ஏறினாள். ஐசபெல் வைத்திருந்த மார்ச் இதழ் அங்கே கண்ணாடிப் பெட்டியில், விமர்சனத்தின் முதல் பக்கம் திறந்தபடி, மேலே ஒரு காய்ந்த பூவோடு இருந்தது. சாவியை எடுத்து வந்த காவல்கார அம்மாள் கேட்டாள்:

"பக்கத்தத் திருப்பணுமா? எதுக்கு? எல்லாரும் இதத்தான் போட்டோ எடுப்பாங்க."

"கடைசிப் பக்கம் பாக்கணும்."

"நான் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, யாரும் திருப்பினதில்ல. பாத்து, பூ உதிர்ந்துடும்."

கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சில் எழுத்து. கோணல் மாணலாக, அழுத்தி: 'இரண்டு தடவை தேடிவிட்டேன். பசு வரி இதில் இல்லை. ஐயாவுக்கு எப்படித் தெரிந்தது?' அதற்குக் கீழே, மையில், வேறொரு நாள்: 'ஏப்ரல் 2. தெரிந்துகொண்டேன்.'

அவ்வளவுதான். ஐசபெல் குடியிருந்த வீடு கின்மண்டின் அண்ணனுடையது. சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கின்மண்டுக்குத் தன் கையால் செய்த பாலாடைக்கட்டி அனுப்பி, 'ஐயாவின் கருணைக்கு நன்றி' என்று எழுதியிருக்கிறாள். அந்தச் சீட்டுகளும் பக்கத்துப் பெட்டியில் இருந்தன. பணிவு என்று கிரீவ் தன் கட்டுரையில் அதைச் சிலாகித்திருந்தார்.

புதன்கிழமை கிரீவின் அறைக்குப் போனாள். கின்மண்டின் வாழ்க்கை வரலாறு, கிரீவ் எழுதியது, வசந்தத்தில் வரப்போகிறது. அதன் ப்ரூஃபைத் திருத்திக்கொண்டே ஷார்ட்பிரெட் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழாம் பெட்டி பாத்தேன் சார்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மறுபடி மென்றது. "ம். அதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"கதவச் சாத்து எல்ஸ்பெத்." பிஸ்கட் தூளை மீசையிலிருந்து தட்டினார். "ஆசிரியர் ஏதாவது விருந்துல வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. அப்படி யோசிச்சுப் பாத்தியா?"

"சொல்லிக் கேட்டிருந்தா, 'பார்த்து'ன்னு இவரு ஏன் எழுதணும்? இதழ் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே எழுதியிருக்காரு சார்."

"சரி. அந்த வருஷம் அவரு புத்தகம் விக்கல. அவளோடது மூணு பதிப்பு போச்சு. மனுஷன்தானே, வயித்தெரிச்சல். ஒரு நாள் புத்தி கெட்டுப் போச்சு. அதுக்காக ஆயுசு பூரா செஞ்ச நல்லதெல்லாம் இல்லன்னு ஆயிடுமா?"

"பாதிரியார் தலையில பாலு ஊத்தறோமே சார்."

"அவரு செத்து எவ்வளவோ வருஷமாச்சு. வைக்கோலுக்கு என்ன வலிக்கப் போகுது?" அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா, பாதிரியார எடுத்துடு. 'தெரியவில்லை'ன்னு போடு. அந்தக் கிழவிக்கு அது போதும். முகப்புப் பக்கத்துல என் பேருக்குக் கீழ உன் பேரையும் போடச் சொல்றேன். என்ன? நல்ல பொண்ணு."

ஷார்ட்பிரெட் தட்டை அவள் பக்கம் தள்ளினார். வெண்ணெய் வாசனை அடித்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்த வாசனை மூக்கில் இருந்தது.

ஆனாலும் அவள் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. பதினோரு வருஷம் அவள் பெயர் எங்கும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீன் மெல்ட்ரம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜீன் டீ கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டினாள்.

"கின்மண்டா! அந்தக் கருணைக் கடலா! சிலைக்கு மாலை போடுறாங்களே, அவனா!"

"'தெரியவில்லை'ன்னு போடலாங்கிறாரு பேராசிரியர். உங்க தாத்தா பேரு போயிடும்."

"போகுமா? தெரியாதவன் தலையில எப்படிம்மா பால ஊத்துவாங்க? மறுபடி எங்க ஆளைத்தான் தேடி வருவாங்க. பேரப் போடு. அடுத்த வருஷம் அந்தக் கின்மண்டத் தொட்டியில உக்கார வைக்கட்டும். ஒரு மாசம் புளிக்க வெச்சு நானே வாளியில கொண்டு வரேன். முதல் வாளி என்னோடது!"

முகம் சிவந்து, கண் மின்னியது அந்த அம்மாளுக்கு. எல்ஸ்பெத் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் மேஜையைத் தட்டுகிறவர்களின் முகம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. இருபத்தாறு வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். ஆனாலும் டீயைத் தள்ளி வைத்தாள்.

"அந்த ஐசபெல் பொண்ணு பென்சில்ல எழுதினத சொன்னேனே," என்றாள்.

"ஆமா, ஆமா, பாவம்," என்றாள் ஜீன். "வாளி தகரமா இருக்கட்டுமா, மரமா?"

திங்கட்கிழமை அச்சகத்து வண்டி பதினொரு மணிக்கு வரும். எல்ஸ்பெத் ஒன்பதுக்கே வந்து, மெல்ட்ரம் அட்டையைக் கட்டிலிருந்து உருவிக் கிழித்தாள். புது அட்டையை மெஷினில் சொருகினாள். எழுதியவர்: தாமஸ் கின்மண்ட். ஆதாரம்: பெட்டி 17, ப்ரூஃப், பிப்ரவரி 27, ரென்னிக்கு எழுதிய கடிதம், பிப்ரவரி 26.

கட்டைக் கட்டப் போனவள் நின்றாள். யார் முதலில் கண்டுபிடித்தார்களோ அவர்கள் பெயரையும் அட்டையில் போடுவது வழக்கம். பெரும்பாலும் ஏதாவது பேராசிரியர் பெயர் இருக்கும். மறுபடி மெஷினில் சொருகித் தட்டினாள்.

கண்டுபிடித்தவர்: ஐசபெல் ரென்னி, 2 ஏப்ரல் 1834.

பதினொன்றேகாலுக்கு கிரீவ் தலையை நீட்டினார். "எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்."

"அந்த அட்டை?"

"அதுவும்தான். கின்மண்ட் பேரு போட்டேன்."

கிரீவ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். வண்டி தெருமுனை தாண்டிவிட்டிருந்தது. "என் புத்தகம்..." என்றார். "எல்ஸ்பெத், என் புத்தகம் வசந்தத்துல வருது."

அந்த வருஷம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான குரல் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதுவும் தனக்காக. எல்ஸ்பெத் எழுந்து கை கழுவப் போனாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும், புளித்த பால் வாடை விரலிடுக்கில் இருப்பது போலவே இருந்தது. பதினோரு கோப்பை ஊற்றிய கை.