குறுக்குக் கோடு போட்ட கெமா

செலண்டார் என்ற ஊரில் மோகனாவும் அவள் கணவன் தினேஷ்வரனும் கல்யாணம், நிச்சயதார்த்தம் என்று வரும் விசேஷங்களுக்குச் சமையலோடு கெமா என்கிற கூடாரம், நாற்காலி, மேசை எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். சமைப்பது மோகனா. ஏற்பாடு செய்வது தினேஷ்வரன். அதாவது, கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது.

வேலைகளைப் பிரித்துக் கொடுக்க அவன் ஒரு செயலி வைத்திருந்தான். என்ன வேலை, யார் செய்வது, கீழே ஒரு சிறு குறிப்பு. கெமா போடும் வீராசாமி அண்ணனும் அதில் இருந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. செயலிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை போலும். ஒரு நாள், குறிப்புகளில் எழுத்தைத் தடிமனாக்கலாம், சாய்க்கலாம், வண்ணம் பூசலாம், குறுக்கே கோடு இழுக்கலாம் என்று புது வசதி வந்து இறங்கியது.

தினேஷ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயம் தடித்தது. பருப்பு சாய்ந்தது. உப்புக்கு நீல நிறம் கிடைத்தது. ஏனென்று உப்புக்கே தெரியாது. அவசரமானதை மட்டும் சிவப்பில் போடுவதாகச் சொன்னவன், கொஞ்ச நாளில் வாழையிலை முதல் பல்குச்சி வரை சிவப்பாக்கிவிட்டான். இதில் எது அவசரம் என்று மோகனா கேட்டாள். சிவப்பும் தடிமனும் சேர்ந்திருந்தால் அவசரம் என்றான். அடுத்த வாரம் எல்லாமே தடித்துவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் லூபோக் சீனா என்ற ஊரில் ரங்கசாமி என்பவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மோகனா சாப்பாட்டை வேனில் ஏற்றிக்கொண்டு கணவனோடு போய் இறங்கினாள். வாசலில் புல் இருந்தது. ரங்கசாமி இருந்தார். மேலே கறுத்த வானம் இருந்தது. கெமா இல்லை.

மோகனா வீராசாமிக்குப் போன் அடித்தாள்.

"நேத்து போன்ல பாத்தேன் தங்கச்சி. கெமா மேல கோடு போட்டு அடிச்சிருந்துச்சு. சரி, கேன்சல் பண்ணிட்டாங்க போலன்னு ஜாசின்ல ஒரு வீட்டுக்குக் கொடுத்துட்டேன்லா."

மோகனா கணவனைப் பார்த்தாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை. வீராசாமியிடம் பேசி முடித்தாயிற்று, முடிந்த வேலையைக் கோடு போட்டு அடிப்பதுதானே முறை என்று விளக்கத் தொடங்கினான். வீராசாமிக்கு இது தெரியுமா என்று அவள் கேட்டாள். பார்த்தாலே புரிகிற விஷயத்தை யாராவது சொல்வார்களா என்றான். முதல் தூறல் விழுந்தது.

எதிர்வீட்டில் கார் நிறுத்த அகலமான கூரை போட்டிருந்தார்கள். மோகனா நனைந்தபடியே ஓடி, அந்த வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் இடம் கேட்டாள். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் காரை வெளியே எடுத்தார்; தன் வீட்டு நாற்காலிகளையும் தூக்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது இலை போட்டுத் தயாராக இருந்தது. முறை வைத்துத்தான் உட்கார முடிந்தது என்றாலும் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள்.

கிளம்பும்போது ரங்கசாமி தினேஷ்வரனைப் பக்கத்தில் அழைத்தார். "தம்பி, உங்க வீட்டம்மா இல்லன்னா இன்னைக்கு என் மானம் மழையில போயிருக்கும்."

திரும்பும் வழியில் மோகனா வேனை ஓட்ட, தினேஷ்வரன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அவன் கைப்பேசியில் குனிந்திருப்பது தெரிந்தது.

"இனிமே குழப்பமே வராது மோகனா. முடிஞ்சதுன்னா பச்சைக் கோடு. கேன்சல்னா சிவப்புக் கோடு."

மோகனா வேனை ஓரம் கட்டி, வீராசாமியைக் கூப்பிட்டாள். இனி கெமா விஷயம் எதுவாக இருந்தாலும் தன்னிடம் வாயால் கேட்டுக்கொள்ளும்படி சொன்னாள். அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல் உடனே சரி என்றார்.

இப்போது கெமா நேரத்துக்கு வருகிறது. செயலியில் தினேஷ்வரன் மட்டும்தான் மிச்சம். குறிப்புகள் முன்னைவிட மிகத் தெளிவாக இருப்பதாக அவனே சொல்லிக்கொள்கிறான்.