நின்றுகொண்டிருந்த அத்தி

எலாதியோ கார்த்தாகோ நகரத்தில் முப்பத்திரண்டு வருடம் தபால்காரராக இருந்தவர். அந்த ஊரில் தபால்காரர் வேலைக்குக் கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஞாபகம். தெருக்களுக்குப் பெயர் உண்டு, யாருக்கும் தெரியாது. வீடுகளுக்கு எண் கிடையாது. ‘மர அறுவை ஆலையிலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே, பச்சை கேட்’ என்று உறைமேல் எழுதியிருக்கும். ஆலை எரிந்து போனது எலாதியோ பிறப்பதற்கு முன்னால். பச்சை கேட்டுக்கு இரண்டு தடவை நீலம் அடித்தாயிற்று. இருந்தாலும் கடிதம் ஒருநாளும் தவறியதில்லை. இந்தப் பெருமையை யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பசிபிக் கடலோரம் நெடுக இருக்கும் மழைக்காட்டை, ஒரு பூங்கா, ஒரு காப்பகம் விடாமல், வடக்கிலிருந்து தெற்கே பார்த்து முடித்துவிட வேண்டும். மாதத்துக்கு ஒன்று. மனைவி சினியாவிடம் கேட்கவில்லை, அறிவித்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் பானை கிளறிய சினியாவுக்கு உட்கார்ந்திருக்கத்தான் ஆசை. ஆனால் இந்த மனிதரைத் தனியாக அனுப்பினால் காட்டு மிருகங்களிடம் பேச்சுக் கொடுத்தே தொலைந்து போவார் என்பது அவளுக்குத் தெரியும்.

அது வெறும் பயமும் இல்லை. மனுவேல் அந்தோனியோ பூங்காவில் ஒரு வெள்ளைமுகக் குரங்கு அவர் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டது. கார்த்தாகோக்காரர்கள் வீட்டு நாயைக்கூட ‘நீங்க’ என்று அழைப்பவர்கள். கட்டிய மனைவிக்கும் அதே மரியாதைதான். எலாதியோ குரங்கைப் பார்த்து, “நீங்க செய்யறது கொஞ்சமும் நல்லாயில்ல” என்றார். குரங்கு கேட்டுக்கொண்டே தின்றது. அதற்கு முன்னால் கராரா பூங்காவுக்குப் போனபோது பாலத்துக்கு அடியில் கிடந்த முதலைகளை எண்ணிக்கொண்டே நின்று பஸ்ஸைத் தவறவிட்டார். குரங்குக்கு அடுத்த மாதம் திமிங்கிலம் பார்க்கப் போனார்கள். திமிங்கிலம் வரவில்லை, மழை வந்தது. படகில் இருந்த ஒன்பது பேருக்கும் அவர் தபால் கதை சொன்னார். கடலில் எழுந்து எங்கே போவது, எல்லோரும் கேட்டார்கள்.

கடைசியாக ஓசா தீபகற்பத்துப் பூங்கா. அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது, அது சட்டம். இவர்களுக்குக் கிடைத்தவள் யெர்லின். வயது இருபத்தொன்பது. தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறி, வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான்கு மாதம்தான் ஆகிறது. பிறந்து வளர்ந்தது அந்தக் கரையில். பெரியவர்களை டோன், டோன்யா என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவாள். விடிந்ததும் கடற்கரை வழியாக நடக்க ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டாள். பத்தரை மணிக்குள் ஒரு பாறைமுனையைத் தாண்டியாக வேண்டும். அதற்குமேல் கடல் ஏறிவிடும், பாறைக்கும் அலைக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூட இடம் இருக்காது. தாண்ட முடியாவிட்டால் மூன்று மணிவரை இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒன்பதரைக்கு சினியாவின் பூட்ஸ் வாயைப் பிளந்தது. பத்து வருடமாக அலமாரியில் கிடந்த பூட்ஸ். ஈரத்தில் பசை விட்டு, அடிப்பாகம் முழுசாகக் கழன்று மணலில் கிடந்தது. யெர்லின் பையிலிருந்து டேப்பையும் கயிற்றையும் எடுத்துக் கட்ட உட்கார்ந்தாள். எலாதியோ பக்கத்தில் நின்று யோசனை சொன்னார். இப்படிச் சுற்றக் கூடாது, அப்படிச் சுற்ற வேண்டும், தபால் மூட்டையை நாங்கள் எப்படிக் கட்டுவோம் தெரியுமா. யெர்லினின் பொறுமை கயிற்றைவிடச் சின்னதாக இருந்தது. கொஞ்சம் முன்னால் போனால் பெரிய அத்தி வரும், காட்டு ஓரத்தில், நல்ல நிழல், அங்கே போய் நில்லுங்கள், அதைத் தாண்டி ஒரு அடிகூடப் போகாதீர்கள் என்றாள். வழிகாட்டி ஆளைத் தனியாக அனுப்பக் கூடாது. அவளுக்கும் தெரியும். நானூறு மீட்டர்தானே என்று நினைத்தாள்.

அவர் போனார். சினியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதுக்கு ஓய்வு கிடைத்தது என்று அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

பூட்ஸ் ஒருவழியாக நின்றது. இருவரும் அத்திக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. அத்தி இருந்தது. நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரம். மேலே பஞ்சவர்ணக்கிளிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கீழே எலாதியோ இல்லை.

யெர்லின் மரத்தைச் சுற்றி வந்தாள். காட்டுக்குள் கொஞ்சம் போய்க் கூப்பிட்டாள். ஈர மணலில் காலடித் தடம் இருக்கிறதா என்று பார்த்தாள். அலை ஏற்கனவே அங்கே வந்து போய்விட்டிருந்தது, மணல் துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. வாக்கிடாக்கியில் பூங்காக் காவலர் நிலையத்தைக் கூப்பிட்டு ஒரு ஆளைக் காணவில்லை என்று சொன்னாள். காவலர்கள் கிளம்புகிறார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது.

சினியா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எலாதியோ, எலாதியோ. காற்று கடல் பக்கமிருந்து பாறைமுனையை நோக்கி அடித்தது. பதில் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அந்த மனிதர் தூக்கத்தில்கூடப் பேசுவார். பல் பிடுங்கும்போதே டாக்டரிடம் பேசியவர். அவர் வாய் சும்மா இருக்கிறது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவளுக்குத் தோன்றியது. பாறைமுனையில் நுரை பொங்கியது. அவள் கட்டிய பூட்ஸோடு நேராகக் கடலுக்குள் இறங்கினாள். தொடைவரை நனைந்த பிறகு யெர்லின் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள்.

“விடுங்க,” என்றாள் சினியா.

“விட மாட்டேன் டோன்யா சினியா. அங்க போனா நீங்களும் இல்ல.”

மணலில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சினியாவின் மண்டைக்குள் ஏதோ உறைத்தது. பயந்த மண்டைதான், ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தபால்காரரோடு வாழ்ந்த மண்டை.

“நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

“பெரிய அத்திக்கிட்ட நில்லுங்கன்னு சொன்னேன். இதோ இதுதானே அது.”

“இது நின்னுக்கிட்டிருக்கு.”

யெர்லினுக்குப் புரியவில்லை. அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தாள். சினியா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்க ஊர்ல ஒரு மரத்தைச் சொல்லி வழி சொன்னா அந்த மரம் அங்க இருக்காது பொண்ணே. ஆலைன்னா எரிஞ்ச ஆலை. ஆஸ்பத்திரின்னா இடிச்ச ஆஸ்பத்திரி. அந்த மனுஷன் இருக்கிற மரத்தை நம்பவே மாட்டாரு. இங்க எங்கயாவது விழுந்த அத்தி இருக்கா?”

யெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. இருக்கிறது. பாறைமுனைக்கு அந்தப் பக்கம், சின்ன வளைவுக்குள்ளே. மூன்று வருடம் முன்னால் புயலில் வேரோடு சாய்ந்தது. அந்த வளைவுக்குக் கடற்கரை வழி அடைத்துவிட்டது. காட்டுக்குள் ஏறி, முனையின் முதுகில் போய், மேலிருந்து இறங்க ஒரு பாதை உண்டு, மோசமான பாதை. சினியா ஏற்கனவே எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அரை மணி நேரம் ஏறினார்கள். சேறு, வேர், மறுபடி சேறு. பாதி வழியில் பூட்ஸ் மறுபடி பிளந்தது. சினியா அதைக் கழற்றி ஒரு புதரில் எறிந்துவிட்டு ஒற்றைக் காலுறையோடு ஏறினாள். பூங்காவில் குப்பை போடக் கூடாது என்று யெர்லின் சொல்லவில்லை, அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உச்சியில் மரங்கள் விலகின. கீழே வளைவு தெரிந்தது. மணல் இல்லை, முழுவதும் தண்ணீர். நடுவில் சாய்ந்து கிடந்த பெரிய மரம். அதன் வேர்ப்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்க, அந்த வேர்களின் மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு, கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டு எலாதியோ உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். தொப்பிகூட இருந்தது.

சினியா பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிப் போட்டது போலிருந்தது. யெர்லின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வாக்கிடாக்கியை எடுத்து, கிடைத்துவிட்டார், முழுசாகக் கிடைத்துவிட்டார் என்றாள். சொல்லும்போதே அழுதாள். நிலையத்துக் காவலர், காபி போட்டு வைக்கிறேன், மெதுவாக வாருங்கள் என்றார்.

மேலே ஆள் தெரிந்ததும் எலாதியோ தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

யெர்லின் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அலை பின்வாங்கும் இடைவெளி பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் பத்தடி போய், அவரைத் தோளோடு தோளாகப் பிடித்துக்கொண்டு சரிவுக்குக் கொண்டுவந்தாள். மேலே வந்து சேர்ந்ததும் சினியா அவரைக் கட்டிப்பிடித்தாள். அப்புறம் தொப்பியால் ஒன்று வைத்தாள். அப்புறம் மறுபடி கட்டிப்பிடித்தாள். அவர் உடம்பு முழுக்க உப்பும் நடுக்கமுமாக இருந்தது. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

கடல் இறங்கும்வரை அங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. வாழையிலையில் கட்டியிருந்த சோறும் பீன்ஸும் முட்டையும் வெளியே வந்தன. எலாதியோவின் பொட்டலம் அப்படியே இருந்தது, பிரிக்கவே இல்லை. ஃபிளாஸ்கில் காபி இன்னும் சூடாக இருந்தது. மூன்று பேரும் பட்டினி கிடந்தவர்கள் போலத் தின்றார்கள். யெர்லின் நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதப் போவதாகச் சொன்னாள், தான்தான் தனியாக அனுப்பினேன் என்று. நான்தான் சொல்லாமல் ஓடினேன் என்று எழுதுங்கள் என்றார் எலாதியோ. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டை போனால் போகட்டும், ஆள் போகவில்லையே என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பிறகு அவர் கதை வந்தது. சினியா சொன்னது அத்தனையும் சரி.

“நின்னுக்கிட்டிருந்த மரத்தைப் பார்த்தேன். நல்ல மரம். பார்த்து ரசிச்சேன்கூட. ஆனா அது இருக்கே, அப்ப அது இல்லைன்னு தாண்டிப் போயிட்டேன். இங்க வந்து விழுந்து கிடக்கிறதைப் பார்த்ததும் சரியான விலாசம்னு தோணிச்சு.” சோற்றை மென்று விழுங்கினார். “தண்ணி சுத்தி வந்த பிறகுதான் புரிஞ்சுது, இந்த ஊர்க்காரங்க இருக்கிறதையே சொல்லுவாங்கன்னு.”

யெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சினியாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உலகம் மறுபடி இருந்த இடத்துக்கு வந்துவிட்டது, முட்டாள் புருஷனோடும் ஆறாத காபியோடும்.

சிரிப்பு அடங்கியதும் யெர்லின் கேட்டாள். “நாங்க கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா டோன் எலாதியோ? காத்து இந்தப் பக்கம்தானே அடிச்சுது.”

அவர் வாழையிலையை மடித்தார். மறுபடி மடித்தார்.

“கேட்டுச்சு.”

சினியா திரும்பினாள். “கேட்டுச்சா?”

“ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு.”

“நான் அங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். நீங்க செத்துப்போயிட்டீங்கன்னே முடிவு பண்ணிட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு உங்களுக்கு?”

அவர் அவளைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்.

“வேர்ல பாசிக் கோடு இருந்துச்சு, நான் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு முழம் கீழ. தண்ணி அதுக்கு மேல வராதுன்னு தெரிஞ்சுது. நான் பொழைச்சுக்குவேன். ஆனா நான் ஒரு சத்தம் கொடுத்திருந்தா நீங்க பாறையைச் சுத்திக் கடல் வழியாவே வந்திருப்பீங்க. பாதை இருக்கா இல்லையான்னு கேட்டிருக்க மாட்டீங்க.” மடித்த இலையைப் பைக்குள் வைத்தார். “பயமா இருந்துச்சு. உங்க குரல் வேற வந்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

யெர்லின் எழுந்து, கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அவர் சொன்னது பொய்யில்லை என்பது சினியாவுக்குத் தெரியும். குரலே வராதபோது தொடைவரை இறங்கியவள், குரல் வந்திருந்தால் எங்கே நின்றிருப்பாள். தேடும்போது வராத அழுகை இப்போது வந்தது. அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் ஜில்லென்று இருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

“பேசுங்க,” என்றாள்.

“என்ன பேச?”

“எதையாவது பேசுங்க.”

அவர் பேசினார். எரிந்த ஆலையிலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே ஒரு விதவைக்கு வந்த பதிவுத் தபாலைப் பற்றி. அவள் நூறு தடவை கேட்ட கதை. மூன்று மணிக்குக் கடல் இறங்கி மணல் தெரியும்வரை பேசினார், அவள் ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை.