கல்லில் திருத்திய வயது

போரில் செத்தவர்களைப் புதைத்த பழைய கல்லறைத் தோட்டத்தில் எழுத்து வெட்டுவது என் வேலை. மழையும் பாசியும் அரித்த பெயர்களை உளியால் மறுபடி ஆழப்படுத்துவேன். பதினோரு வருடமாகச் செய்கிறேன். அத்தானுக்கு, அதாவது என் அக்கா புருஷனுக்கு, இது ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை. அவர் புதையல் வேட்டையில் இறங்கும் வரை.

அத்தான் டைல்ஸ் கடையில் மேலாளர். ஐம்பத்திரண்டு வயதில் அவரைப் பிடித்த பித்து இது: ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்தபடி தேடிப் போய், டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் புதையல். இதற்காக முழங்காலுக்கு உறை, நுனியில் காந்தம் பொருத்திய குச்சி, பை நிறைய பேட்டரி. கிளப்பில் அவருடைய பட்டப்பெயர் கழுகு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதையே தேடுகிற கழுகு.

போன வருடம் கழுகு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வந்து இறங்கியது. வரலாற்றை மக்களிடம் கொண்டுபோகிறேன் என்று எழுதிக் கொடுத்து, கண்காணிப்பாளரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். டப்பாவைப் பின்சுவரின் விரிசலில் செருகினார். ஆனால் இடத்தின் எண்களில் இரண்டை மட்டும் வெற்றிடமாக விட்டார். மூன்றாவது வரிசையில் பதினாலாவது கல்லில் இருக்கும் வீரனின் வயதைப் பார்த்து, அந்த இரண்டு எண்களையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். கல்லில் இருந்த வயது இருபத்தொன்று. சனிக்கிழமைதோறும் கூட்டம் வந்தது. கல்லைப் பார்ப்பார்கள், இரண்டு, ஒன்று என்று போனில் தட்டுவார்கள், சுவரைப் பார்த்து ஓடுவார்கள். வரலாறு மக்களிடம் போய்ச் சேர்ந்த விதம் அது.

மழைக்காலம் முடிந்த சமயம் மேலிடத்திலிருந்து எனக்கு ஓர் உத்தரவு வந்தது. அந்தக் கல்லில் இருக்கும் வயது தவறு. படையில் சேருவதற்காக அந்தப் பையன் பொய் சொல்லியிருக்கிறான். சாகும்போது அவனுக்குப் பதினேழுதான். அவன் தங்கையின் மகள், ஒரு கணக்கு டீச்சர், பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் கடிதம் எழுதி இந்த உத்தரவை வாங்கியிருந்தார்.

கல்லில் வெட்டிய எண்ணை அழிக்க முடியாது. கல்லின் முகத்தையே தேய்த்து இறக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து வெட்ட வேண்டும். நான்கு நாள் ஆனது. மற்ற நாட்களில் நான் எழுத்தைத்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன். அந்த ஏழு என்ற எண்ணை வெட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நின்று நின்று போனது.

அடுத்த சனிக்கிழமை ஒரே சலசலப்பு. போய்ப் பார்த்தால், வாடிய மலர்வளையங்களைக் கொட்டுகிற மக்குக்குழிக்குள் ஆறு பேர் இறங்கி நிற்கிறார்கள். வயது மாறியதால் போன் காட்டிய இடமும் இருநூறு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் போலத்தான் தெரிந்தார்கள். முழங்கை வரை அழுகல். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதெல்லாம் ஆட்டத்தின் சவால் என்று மனைவியைத் தேற்றிக்கொண்டிருந்தார். தோண்டுகிறவர்களைத் தடுப்பது என் வேலையில் சேர்ந்ததல்ல.

மறுநாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் ஆரம்பித்தார். கிளப்பில் தன் மானம் போய்விட்டதாம். கண்டவனெல்லாம் கழுகைக் கிண்டல் செய்கிறானாம். பழையபடி இருபத்தொன்று என்றே வெட்டிவிடச் சொன்னார். ரெண்டு நம்பர்தானே, உனக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்றார்.

"அத்தான், அது யாரோட கல்லுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? மூணாவது வரிசை, பதினாலாவது."

"பேரு?"

அவர் குழம்பைப் பிசைந்தார். "பேரு எதுக்கும்மா? புதிருக்குப் பேரு தேவைப்படல."

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பதினேழா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. அத்தான் இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டார்.

அதோடு விடவில்லை. கண்காணிப்பாளருக்குப் புகார் எழுதினார். புதன்கிழமை எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். அதாவது, எதிரில் கடைசியாகப் பேசியவர் பக்கம் நிற்பவர். உத்தரவை மீற முடியாது, ஆனால் பழைய வயதைக் கல்லின் ஓரத்தில் சின்னதாகப் போட வழி உண்டா என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். அப்போதுதான் அந்தக் கணக்கு டீச்சர் உள்ளே வந்தார். திருத்திய கல்லைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

கண்காணிப்பாளர் அவசரமாக அத்தானை அறிமுகம் செய்தார்: வரலாற்று ஆர்வலர், உங்கள் மாமாவின் கல்லில் மிகவும் அக்கறை உள்ளவர்.

டீச்சரின் முகம் மலர்ந்தது. "எங்க மாமாவைப் பார்க்க வருவீங்களா?"

"நூறு தடவையாவது வந்திருப்பேன்," என்றார் அத்தான்.

டீச்சர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வீட்டுல நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கு அம்பத்தெட்டு, மாமாவுக்குப் பதினேழு. எனக்கு அப்புறம் யாரு வருவாங்கன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அத்தான் கூசவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, சொந்தக்காரர் போல நன்றியை வாங்கிக்கொண்டார். அவர் என்ன லட்சணத்தில் வந்துபோகிறார் என்று நான் அந்த இடத்திலேயே உடைத்திருக்கலாம். டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். உளியைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றேன். அந்த அறையில் எனக்கு அத்தான் மேல் இருந்த வெறுப்புக்குக் குறையாமல் என் மேலும் இருந்தது.

பிறகு டீச்சரை நானே கல்லுக்கு அழைத்துப் போனேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார், வயதை விரலால் தடவினார், ஏழு அழகாக விழுந்திருக்கிறது என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

அத்தான் அன்றைக்கே புதிரை மாற்றிவிட்டார். வீரனின் பொய் வயது இருபத்தொன்று, அதிலிருந்து கல்லில் இருக்கும் உண்மை வயதைக் கழி, வருவதுதான் விடை. கூடவே, அவனுடைய குடும்பத்தார் தன் கையைப் பிடித்து அழுததாக ஒரு பத்தி. டீச்சர் அழவே இல்லை. கிளப்பில் இந்த வருடத்தின் சிறந்த புதிர் என்று அதற்குப் பரிசு கொடுத்தார்கள். விழாவுக்கு அக்கா போகவில்லை. முதுகுவலி என்றாள். அவளுக்கு முதுகுவலி இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒருவர் வந்து, பதினாலாவது கல்லின் மேல் தன் பையைச் சாய்த்துவிட்டு, போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பையை எடுங்கள் என்றேன். எடுத்தார். முகத்தில் அறைந்தது போலிருக்கும் எழுத்தைப் பார்க்காமலே என்னிடம் கேட்டார்.

"ஏங்க, விடை நாலுதானே?"

"அஞ்சு," என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அந்த ஐந்து அவரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அடுத்த கல்லுக்குப் போய்ப் பாசியைச் சுரண்ட ஆரம்பித்தேன்.